சிறுத்தை சுவரேறிய கதை

தேர்தலில் சின்னம் எதற்கு? எழுத்துத் தெரியாதவரும் தன் ஓட்டைத் தானே போட வேண்டும் என்பதற்காக. 1951-52இல் இந்தியா முதல் பொதுத்தேர்தலை நடத்தியபோது நாட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் 100க்கு 18 பேர்தான். பாபாசாகேப் அம்பேத்கரின் பட்டியல் சாதியினர் கூட்டமைப்பு அந்தத் தேர்தலில் யானைச் சின்னத்தில் நின்றது. அந்த யானை பிறகு எங்கே போய்ச் சேர்ந்தது என்பது நமக்குத் தெரிந்த கதை. இங்கே நாங்கள் சொல்ல வந்தது வேறொரு விலங்கின் கதை. அதுவும் ஓட்டுச் சீட்டில்தான் தொடங்குகிறது. ஆனால் தொடங்கிய இடம் அமெரிக்காவின் தென்பகுதி.

அலபாமா மாநிலத்திலும் கட்சிகளுக்குச் சின்னம் கட்டாயம், காரணமும் அதேதான். அங்கே ஆண்டுகொண்டிருந்த ஜனநாயகக் கட்சியின் சின்னம் வெள்ளைச் சேவல். சேவல் படத்தோடு 'வெள்ளையர் மேலாதிக்கம்' என்ற சொல்லும் சேர்ந்தே அச்சாகும். ஒளிவுமறைவு எதுவும் கிடையாது. 1966 தொடக்கத்தில்தான் அந்தச் சொல்லை எடுத்தார்கள். அதே மாநிலத்தில் லவுண்ட்ஸ் கவுண்டி என்று ஒரு பகுதி. மக்களில் ஐந்தில் நான்கு பங்கு கறுப்பர்கள். ஆனால் 1965 தொடக்கத்தில் அங்கே வாக்காளர் பட்டியலில் ஒரு கறுப்பர்கூட இல்லை. பெயர் பதியப் போனவர்களை நிலவுடைமையாளர்கள் குடிசையை விட்டே விரட்டினார்கள். விரட்டப்பட்டவர்கள் கூடாரம் போட்டுத் தங்கினார்கள். குத்தகை நிலத்தில் வீடு, வீடு போய்விடும் என்ற பயத்தில் ஓட்டு. தஞ்சாவூர்ப் பண்ணையாட்களின் பேரப்பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஸ்டோக்லி கார்மைக்கேலும் அவரோடு வந்த மாணவர் அமைப்பினரும் உள்ளூர் மக்களோடு சேர்ந்து அங்கே தனிக்கட்சி தொடங்கினார்கள். கட்சி என்றால் சின்னம் வேண்டுமே. முதலில் ஒரு புறாவைப் போட்டுப் பார்த்தார்கள். சேவலுக்கு எதிரே புறா எடுபடவில்லை. பிறகு அட்லாண்டாவில் கறுப்பு மாணவர்கள் படித்த கிளார்க் கல்லூரியின் விளையாட்டு அணிச் சின்னமான கருஞ்சிறுத்தையை எடுத்து, அதைப் பார்த்து வரைந்தார்கள். அந்த வேலையில் முன்னின்றவர் ரூத் ஹவார்ட் என்ற இளம்பெண். பெரிய ஓவியரோ விளம்பர நிறுவனமோ அதற்குத் தேவைப்படவில்லை. 1966 நவம்பர் தேர்தலில் சிறுத்தை தோற்றது. ஆனால் அந்தத் தேர்தலுக்குள்ளேயே படம் கவுண்டியை விட்டு வெளியே போய்விட்டது. அந்த அக்டோபரில் கலிபோர்னியாவின் ஓக்லண்டில் ஹூயி நியூட்டனும் பாபி சீலும் தங்கள் புதுக் கட்சிக்கு அந்த விலங்கையே எடுத்துக்கொண்டார்கள். லவுண்ட்ஸில் அந்தக் கட்சியை முன்னின்று நடத்திய ஜான் ஹுலெட் 1970இல் அதே கவுண்டியின் ஷெரிஃபாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். தோற்ற தேர்தலோடு யாரும் வீட்டுக்குப் போய்விடவில்லை.

ஓக்லண்டில் அந்தச் சிறுத்தையைச் சுவருக்குக் கொண்டுவந்தவர் எமரி டக்ளஸ். 1943இல் பிறந்தவர். சிறுவயதில் சீர்திருத்தப் பள்ளியில் அடைக்கப்பட்டு, அங்கே இருந்த அச்சுக்கூடத்தில் வேலைக்கு விடப்பட்டார். மை, காகிதம், எழுத்து மூன்றும் அவருக்கு முதலில் பழக்கமானது அங்கேதான். பிறகு சான் ஃபிரான்சிஸ்கோ நகரக் கல்லூரியில் வணிகக் கலை படித்தார். சோப்புக்கும் ஷூவுக்கும் விளம்பரம் செய்யக் கற்றுக்கொடுக்கிற படிப்பு அது. 1967இல் ரிச்மண்ட் பகுதியில் டென்சில் டவல் என்ற 22 வயது இளைஞரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. அந்தக் கொலையைச் சொல்ல ஏப்ரல் 25 அன்று சிறுத்தைகளின் பத்திரிகையின் முதல் இதழ் வந்தது. தட்டச்சுப் பொறி, தடித்த பேனா, உருட்டுப் பிரதி எந்திரம், அவ்வளவுதான். அந்த வேலை நடந்துகொண்டிருந்தபோது அங்கே இருந்த டக்ளஸ், வீட்டுக்குப் போய்த் தன் வரைகருவிகளை எடுத்துக்கொண்டு வந்தார். அதற்குள் வேலை முடிந்திருந்தது. ஆனாலும் அன்றிலிருந்து, 1980இல் அந்தப் பத்திரிகை நிற்கும் வரை, அதன் தோற்றம் பெரும்பாலும் அவர் கைவண்ணம்தான். கட்சியில் முதலில் சேர்ந்த பெண்ணான தாரிகா லூயிஸும் தொடக்க ஆண்டுகளில் அதில் வரைந்திருக்கிறார். அவர் பெயரை இந்தக் கதையைச் சொல்பவர்கள் அடிக்கடி விட்டுவிடுகிறார்கள்.

அந்தப் பத்திரிகை எப்படி இருக்கும்? உச்சத்தில் வாரம் 1 லட்சம் பிரதிக்கு மேல் போனது. விலை 25 சென்ட். விற்கிற இளைஞருக்கு அதில் ஒரு பங்கு. பின்பக்கம் முழுக்க ஒரே படம். பத்திரிகையைப் படித்து முடித்ததும் அந்தப் பக்கம் போஸ்டர் ஆகிவிடும். தனியாகவும் அச்சடித்து ஒட்டினார்கள். கடை ஜன்னல், முடிதிருத்தகம், வாடகைக் குடியிருப்பின் சுவர் என்று போய், வீட்டுக்குள்ளும் ஏறியது. ஓவியக் கண்காட்சிக்குப் போகாத மக்களுக்குத் தெருவே கண்காட்சிக்கூடம் என்பதுதான் டக்ளஸின் கணக்கு.

இனி அவர் வேலைசெய்த விதம். வரைகலை படிக்கிற தம்பி தங்கைகள் இதைக் கவனிக்க வேண்டும். கட்சியிடம் காசு கிடையாது. கறுப்பு மையும் இன்னொரு நிறமும்தான் கட்டுப்படியாகும். எனவே தடித்த கறுப்புக் கோடு, பின்னால் ஒரே ஒரு நிறம். மரத்தில் செதுக்கி அச்சிட்ட படம் போல இருக்கும். ஆனால் மரத்தைச் செதுக்க நேரம் ஏது? வாராவாரம் பத்திரிகை போக வேண்டும். பேனாவாலேயே செதுக்கு வேலையின் தோற்றத்தைக் கொண்டுவந்தார். நிழல் விழ வேண்டிய இடத்தில், கடையில் கிடைத்த புள்ளித் தாளையும் கோட்டுத் தாளையும் வெட்டி ஒட்டினார். பத்திரிகைப் புகைப்படத்தை வெட்டி ஓவியத்துக்குள் வைத்தார். இன்று அருங்காட்சியகங்களில் அவருடைய 'பாணி' என்று சொல்லப்படுவதில் பாதி, காசில்லாததால் வந்தது.

அவருடைய முதல் புகழ்பெற்ற படம் பன்றி. கறுப்பர்களைத் தொந்தரவு செய்த ஒரு போலீஸ்காரரின் பேட்ஜ் எண்ணைப் போட்டு ஒரு பன்றியை வரையச் சொன்னார்கள். டக்ளஸ் அதை இரண்டு காலில் நிற்க வைத்துச் சீருடையும் மாட்டினார். அதன்பின் தெருவில் போலீஸைப் பார்க்கிற கண்ணே மாறிப்போனது. மக்களுக்குப் பயம் குறைந்து சிரிப்பு வந்தது. ஆனால் பன்றிதான் அவருடைய பெரிய சாதனை என்று நாங்கள் நினைக்கவில்லை. எதிரியைக் கேலி செய்து வரைய எல்லா இயக்கமும் கற்றுக்கொள்ளும்.

அரிதான வேலை அவர் தம் மக்களை வரைந்ததுதான். தலையில் துணி கட்டிய பாட்டி. எலி ஓடும் வாடகை அறையில் நிற்கிற தாய். கையில் மளிகைப் பையோடு சிரிக்கிற அம்மா, அவர் உடையில் ஒரு தேர்தல் பட்டன். 1969 ஜனவரியில் ஓக்லண்டின் தேவாலயம் ஒன்றில் சிறுத்தைகள் குழந்தைகளுக்கு இலவசக் காலை உணவு கொடுக்கத் தொடங்கினார்கள். 1972 மார்ச்சில் நடந்த மாநாட்டில் ஆயிரக்கணக்கான மளிகைப் பைகளைக் கொடுத்தார்கள், கறுப்பர்களை அதிகம் தாக்கும் அரிவாள் செல் சோகை நோய்க்குப் பரிசோதனை செய்தார்கள். அந்த ஆண்டுகளில் டக்ளஸின் படங்களில் துப்பாக்கி குறைந்துகொண்டே வந்தது, சோற்றுப் பை கூடிக்கொண்டே வந்தது. 1971இல் அவர் செய்த ஒரு படத்தில் ஒரு சிறுவன் வாய் நிறையச் சிரிக்கிறான். அவன் கண்ணாடியின் இரண்டு வட்டங்களுக்குள்ளும் குழந்தைகளுக்கு உணவு கொடுக்கும் காட்சி.

அந்தத் தெருவில் வாழ்ந்தவர்கள் அந்தப் போஸ்டரில் தலைவரைத் தேடவில்லை. இது எங்கள் அம்மா மாதிரி இருக்கிறது, இது எங்கள் பாட்டி மாதிரி இருக்கிறது என்று பார்த்தார்கள். அதுவரை அமெரிக்க விளம்பரங்களில் கறுப்புப் பெண் வந்தால் வெள்ளையர் வீட்டுச் சமையற்காரியாகத்தான் வருவார். தோசை மாவுப் பாக்கெட்டில் தலைத்துணியோடு சிரிக்கும் அத்தை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே தலைத்துணியை டக்ளஸ் எடுத்துத் தலைநிமிர்ந்த பெண்ணுக்குக் கட்டினார். விளம்பரக் கலை படித்தவருக்குத்தான் விளம்பரம் எதைத் திருடியது என்று தெரியும்.

படத்துக்கு இருக்கும் சக்தியை இயக்கத்தைவிட எதிரிகள் நன்றாகப் புரிந்துகொண்டார்கள். நியூட்டன் பிரம்பு நாற்காலியில் ஒரு கையில் துப்பாக்கியும் மறுகையில் ஈட்டியுமாக உட்கார்ந்திருக்கும் புகைப்படம் போஸ்டராகி அமெரிக்கா முழுக்கச் சுவர்களில் இருந்தது. 1968 செப்டம்பரில் ஒரு வழக்கில் நியூட்டனுக்குத் தீர்ப்பு வந்தது. அடுத்த இரண்டு நாளுக்குள் பணியில் இருந்த இரண்டு போலீஸ்காரர்கள் ஓக்லண்டில் கட்சி அலுவலகத்தின் ஜன்னலைச் சுட்டார்கள். நியூட்டன் சிறையில் இருந்தார். குண்டு பாய்ந்தது ஜன்னலில் இருந்த அவர் படத்தில். காகிதத்தின் மேல் அவ்வளவு கோபம்.

இதைவிட மோசம், அரசே படம் போடத் தொடங்கியதுதான். எஃப்.பி.ஐ. உளவுத்துறை சிறுத்தைகளை உடைக்க ரகசியத் திட்டம் ஒன்று வைத்திருந்தது. 1969 ஜனவரி 17 அன்று லாஸ் ஏஞ்சல்ஸ் பல்கலைக்கழக வளாகத்தில், இன்னொரு கறுப்பர் அமைப்போடு ஏற்பட்ட மோதலில் சிறுத்தைகள் இருவர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதன்பிறகு எஃப்.பி.ஐ.யின் சான் டியாகோ கிளை, அந்த இரு அமைப்புகளும் ஒன்றையொன்று கேலி செய்வது போலக் கேலிச்சித்திரங்களைத் தயாரித்துப் பரப்பியது. பகை தணியாமல் பார்த்துக்கொள்வதுதான் நோக்கம். இன்னொரு சம்பவம் அதே காலத்தில். கட்சித் தலைமை வேண்டாம் என்று ஒதுக்கிய, வன்முறை நிரம்பிய ஒரு குழந்தைகள் வண்ணப் புத்தகத்தை எஃப்.பி.ஐ. எடுத்து, காலை உணவுத் திட்டத்துக்குப் பொருள் கொடுத்துவந்த கடைகளுக்கு அனுப்பியது. குழந்தைகள் சாப்பாட்டை நிறுத்த ஒரு படப் புத்தகம்! இவையெல்லாம் 1976இல் வந்த அமெரிக்க செனட் குழுவின் அறிக்கையில் பதிவாகியிருக்கின்றன. அன்று அதற்கு ஓர் அலுவலகமே வேலை செய்தது. இன்று நம் அமைப்பின் பெயரில், நம் நிறத்தில், நம் எழுத்துருவில் ஒரு பொய்ப் போஸ்டர் செய்து வாட்ஸ்அப்பில் விட ஒரு கைபேசி போதும். இரண்டு ஊர்க்காரர்களை மோதவிட அதுவே போதும். உணர்ச்சியைக் கிளப்புகிற படம் ஒன்று வந்தால் யார் அச்சடித்தது, யார் பெயர் போட்டிருக்கிறது என்று முதலில் பார்க்கச் சொல்லி நாங்கள் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொள்வது இதனால்தான்.

1972இல் பம்பாயில் நாம்தேவ் தசாலும் ஜே.வி.பவாரும் ராஜா தாலேயும் தலித் பேந்தர் அமைப்பைத் தொடங்கியபோது சிறுத்தை கடல் கடந்தது. 1982இல் மலைச்சாமி அதை மதுரைக்குக் கொண்டுவந்தார். 1989இல் அவர் மறைந்தபின் திருமாவளவன் பொறுப்புக்கு வந்தார். ஓட்டுச் சீட்டில் பிறந்த விலங்கு, 1999 வரை தேர்தலைப் புறக்கணித்த ஓர் இயக்கத்தின் அடையாளமாக நம் ஊர்ச் சுவர்களில் நின்றது வேடிக்கைதான். இந்தியத் தேர்தல் ஆணையம் புதிதாக விலங்குச் சின்னம் ஒதுக்குவதில்லை என்பதால், தேர்தலுக்கு வந்தபிறகும் அது வாக்கு எந்திரத்தில் ஏறவில்லை. சுவரில் மட்டும்தான் இருக்கிறது.

ஆனால் நம் மக்களின் அன்றாடத்துக்குள் சிறுத்தையைவிட ஆழமாகப் போன படம் ஒன்று உண்டு. அதைச் சொல்வதற்கு முன் வீட்டுச் சுவரில் இருக்கும் ஆணியைப் பார்க்க வேண்டும்.

1894இல் பம்பாயில் ரவி வர்மாவின் அச்சகம் தொடங்கியபின் கடவுள்கள் மலிவுத் தாளில் அச்சாகி நாடெங்கும் போனார்கள். பிறகு சிவகாசி வந்தது. ஜவுளிக்கடையும் மளிகைக்கடையும் இலவசமாகக் கொடுத்த காலண்டரில் முருகனும் லட்சுமியும் வந்தார்கள். மதுரை மீனாட்சி கோயிலுக்குள் நம்மவர்கள் நுழைந்தது 1939இல். சென்னை மாகாணம் முழுவதற்கும் ஆலய நுழைவுச் சட்டம் வந்தது 1947இல். சட்டம் வந்தபின்னும் கிராமக் கோயில் வாசலில் நிறுத்தப்பட்ட கதைகளுக்குக் குறைவில்லை. உள்ளே விடாத சாமி, கடை விளம்பரத்தோடு நம் குடிசைக்குள் தானே வந்து மாட்டிக்கொண்டார். அச்சு எந்திரத்துக்குத் தீட்டுத் தெரியாது. ஆனால் அந்தச் சாமியின் நிறத்தையும் நகையையும் பாருங்கள். நம் வீட்டில் யாரும் அப்படி இருந்ததில்லை. நாள் பார்க்கவும் ராகுகாலம் பார்க்கவும் தினமும் அந்த முகத்தைத்தான் பார்த்தோம்.

பல வீடுகளில் அதே ஆணியில்தான் பிறகு அம்பேத்கர் வந்தார். ஏப்ரல் 14க்கும் டிசம்பர் 6க்கும் அச்சான படங்கள், தாதர் சைத்யபூமியிலும் நாகபுரி தீட்சாபூமியிலும் லட்சக்கணக்கானோர் வாங்கிச் சுருட்டி எடுத்துப்போன படங்கள். நீலக் கோட்டு, மூக்குக் கண்ணாடி, கையில் புத்தகம். அந்த வீட்டில் அதுவரை மாட்டியிருந்த எந்தப் படத்திலும் மூக்குக் கண்ணாடி போட்டவர் இருந்ததில்லை. படித்ததால் கண் கெட்ட மனிதர் ஒருவர் சாமி இடத்தில்! எழுத்துத் தெரியாத தாய்க்கு அந்தப் படத்தில் இருந்த புத்தகம் என்ன புத்தகம் என்று தெரியாமல் இருக்கலாம், பிள்ளைக்கு என்ன வேண்டும் என்பது தெரிந்துவிட்டது.

அவர் உயிரோடு இருந்தபோது அவரை வரைந்தவர்கள் யார் என்று பார்த்தால் இதன் அருமை புரியும். 1932 முதல் 1956 வரை ஆங்கிலப் பத்திரிகைகளில் வந்த அம்பேத்கர் கேலிச்சித்திரங்களை உன்னமதி சியாம் சுந்தர் தேடித் தொகுத்து 2019இல் நூலாக்கினார். நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள். குள்ளமாக, பருமனாக, அழுகிற குழந்தையாக, பெண்ணுடையில் என்று விதவிதமாக இழிவுபடுத்தியிருக்கிறார்கள். பேர்பெற்ற தேசியவாத ஓவியர்களின் கைகள் அவை. சங்கர் 1949இல் வரைந்த ஒன்றில் அரசியல் சட்டம் நத்தை, அதன்மேல் அம்பேத்கர், பின்னால் சாட்டையோடு நேரு. அதை 11ஆம் வகுப்புப் பாடநூலில் சேர்த்திருந்தார்கள். 2012இல் திருமாவளவன் உள்ளிட்டோர் நாடாளுமன்றத்தில் எதிர்த்தபோது, சிரிக்கத் தெரியாதவர்கள் என்று நம்மைச் சொன்னார்கள். இந்தப் பத்திரிகை ஓவியங்கள் எதையும் எந்தச் சேரியிலும் யாரும் மாட்டவில்லை. பெயர் தெரியாத அச்சகக்காரர்களும் சைன்போர்டு ஓவியர்களும் செய்த நீலக் கோட்டுப் படம்தான் நின்றது.

அந்தப் படத்துக்குக் குண்டும் கூண்டும் உண்டு என்பது நாம் அறிந்ததே. 1997 ஜூலை 11 அன்று மும்பை காட்கோபரில் ரமாபாய் நகரில் அம்பேத்கர் சிலைக்குச் செருப்பு மாலை போட்டிருந்தார்கள். கேட்கத் திரண்ட மக்கள்மேல் போலீஸ் சுட்டதில் 10 பேர் இறந்தார்கள். 2019 ஆகஸ்டில் வேதாரண்யத்தில் சிலையைப் பட்டப்பகலில் உடைத்தார்கள். தமிழ்நாட்டில் எத்தனை ஊர்களில் அவர் கம்பிக்கூண்டுக்குள் நிற்கிறார் என்று பேருந்தில் போகிற யாரும் எண்ணிப் பார்க்கலாம். சுவரொட்டியும் அப்படித்தான். காலனிக்குள் எத்தனை ஒட்டினாலும் கேள்வி இல்லை. ஊர்த்தெரு வழியாகப் போகும் பொதுச் சாலையில், பேருந்து நிறுத்தத்தில், பால் சொசைட்டிச் சுவரில் ஒட்டினால் மறுநாள் காலை சாணி அடித்திருக்கும். சுவர் பொதுச் சுவர்தான், அரசுப் பணத்தில் கட்டியதுதான். ஆனால் நிலத்துக்குப் பட்டா இருப்பது போல அதற்கும் எழுதாத பட்டா ஒன்று இருக்கிறது. மைதாப் பசை வாளியோடு இரவில் போகிற தோழர்களுக்கு அந்த எல்லை அங்குலக் கணக்கில் தெரியும்.

இவ்வளவு விலை கொடுத்துப் பிடித்த சுவரில் நாம் இப்போது என்ன ஒட்டுகிறோம்?

மேலே வரிசையாகப் பெரியவர்கள், ஸ்டாம்பு அளவில். நடுவில் தலைவர், கை கூப்பியோ கை நீட்டியோ. கீழே மாவட்டம், ஒன்றியம், கிளை என்று முப்பது பாஸ்போர்ட் படங்கள். பின்னணியில் சிறுத்தையோ சிங்கமோ, இணையத்தில் இறக்கியது. ஆதிக்கச் சாதிச் சங்கத்தின் ஃபிளெக்ஸையும் நம்முடையதையும் பக்கத்தில் வைத்து நிறத்தை மட்டும் எடுத்துவிட்டால் வித்தியாசம் சொல்வது கடினம். இரண்டையும் ஒரே டிசைனர் ஒரே கோப்பில் முகம் மாற்றிச் செய்திருக்கவும் கூடும். கண்ணீர் அஞ்சலிப் போஸ்டர் இன்னும் மோசம். சாக்கடைக் குழிக்குள் இறங்கிச் செத்தவரின் படம் சிறியது, அஞ்சலி செலுத்துபவரின் படம் பெரியது.

முகம் போடக் கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. மீசை வைத்துக்கொள்ளவும் செருப்புப் போட்டுத் தெருவில் நடக்கவும் தடை இருந்த சமூகத்தில், கிளைச் செயலாளராகிவிட்ட ஒரு தம்பி கூலிங் கிளாஸ் போட்டுத் தன் படத்தைப் பத்தடிக்கு வைப்பது வெறும் பகட்டு அல்ல. அவன் பாட்டனுக்கு ஒரு புகைப்படம்கூடக் கிடையாது. அந்த ஆசையைக் கேலி செய்ய நமக்கு உரிமை இல்லை. எங்கள் குறை வேறு. முப்பது முகத்தில் ஒரு பெண் இல்லை. ஒருவரும் வேலை செய்துகொண்டிருக்கவில்லை. எல்லோரும் வேட்பாளர் போலவே நிற்கிறார்கள். டக்ளஸின் மளிகைப் பை அம்மா நம் போஸ்டரில் எங்கே?

அவர் நம் தெருவில்தான் இருக்கிறார். நூறு நாள் வேலைக் கூலிக்கு வங்கி வாசலில் காத்திருக்கிறார். மகளின் கல்வி உதவித்தொகைக்குச் சாதிச் சான்றிதழ் கேட்டுத் தாலுகா அலுவலகத்துக்கு நடக்கிறார். பஞ்சமி நிலத்தின் பழைய காகிதத்தைத் தகரப் பெட்டியில் வைத்திருக்கிறார். தனிக்குவளையைத் தட்டிவிட்ட தாத்தாவும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்.

டிசம்பர் 6க்குப் போஸ்டர் போடும் மாணவர் குழுக்கள் இந்த ஆண்டு ஒரு வேலை செய்து பார்க்கலாம். பாபாசாகேப் மேலே இருக்கட்டும். கீழே முப்பது முகத்துக்குப் பதில், உங்கள் தெருவில் ஒருவரிடம் கேட்டு, அவர் சம்மதத்தோடு, அவர் கையில் எது இருக்கிறதோ அதோடு வரையுங்கள். தடித்த கோடு, கறுப்பும் நீலமும் போதும். அச்சான முதல் பிரதியை அவர் வீட்டிலேயே கொடுத்துவிட்டுப் பிறகு பசை வாளியைத் தூக்குங்கள். இரண்டு கலர் என்று சொன்னால் அச்சகத்தில் செலவும் குறையும்.